ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கும் கதைகள்

போன டிசம்பரில் வேலூர் கோட்டை அகழிப் பக்கம் உட்கார்ந்து நானும் நண்பர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ அறிவியல் புனைகதைக்கு வந்துவிட்டது. "அதுல என்ன இருக்கு, ராக்கெட்டு, ரோபோ, லேசர் துப்பாக்கி, சின்னப் பசங்க சமாச்சாரம்" என்றார் ஒருவர். இன்னொருவர் அதற்கும் ஒரு படி மேலே போய், "பழைய இங்கிலீஷ் கதைங்க எல்லாம் சாமி இல்லைன்னு சொல்றதுக்காகவே எழுதினது" என்றார். முதலாமவர் அந்த வகையில் ஒரு கதைகூடப் படித்ததில்லை. இரண்டாமவர் ஒரே ஒரு கதையின் முடிவை மட்டும் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு வாய் வலிக்க நான் பேசியதை இங்கே கொஞ்சம் ஒழுங்கு பண்ணி எழுதுகிறேன். இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களுக்குத்தான் இது. நிறையப் படித்தவர்கள் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

## கரண்ட் இல்லாத வீடு

பில் கட்ட மறந்த வீட்டுக்கு லைன்மேன் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது, இது முதல் நிமிடத்திலேயே தெரியும். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் தெரியவரும். மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி காலி, மாவு ஆட்ட முடியாததால் நாளைக்கு இட்லி இல்லை, வேலூர் வெயிலில் மத்தியானத் தூக்கம் போனதால் தாத்தாவுக்குக் கோபம், அந்தக் கோபம் மருமகள் மேல் இறங்கி, மருமகள் பிள்ளையை அடித்து, அது வெளியே போய் உட்கார்ந்து, போன வருடம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள் பெயரே அன்றைக்குத்தான் நமக்குத் தெரியும். பிடுங்கியது ஒரு கட்டை. வீட்டில் எது எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்பது மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது.

நல்ல அறிவியல் புனைகதை செய்வது இதே வேலையைத்தான். நம் உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு, அதன் விளைவு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கூடவே போய்ப் பார்க்கும்.

டார்கோ சுவின் என்ற விமர்சகர் 1970-களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கதையில் மாற்றப்படும் அந்த ஒற்றை விஷயம் 'நோவம்'. லத்தீனில் புதியது என்று பொருள். அது ஒரு கருவியாக இருக்கலாம், வேற்றுக்கிரக உயிராக இருக்கலாம், வேறு மாதிரி உடம்பாகவும் இருக்கலாம். ஒரே நிபந்தனை, மாயமந்திரமாக இல்லாமல் காரணகாரியத்தோடு இருக்க வேண்டும். நோவம் உள்ளே வந்ததும் நமக்குப் பழகிப்போன உலகம் திடீரென்று யாரோ ஒருவர் வீடு மாதிரித் தெரியும். இந்த விளைவை 'அந்நியமாக்கல்' என்பார்கள். கலைச்சொற்கள் இந்த இரண்டும் போதும்.

## டம்ளரை எடுத்துவிட்டால்

கரண்ட் சரி, வழக்கமும் நம்பிக்கையும் இதில் எங்கே வருகின்றன? குடியாத்தம் பக்கம் எங்கள் தாத்தா ஊரில் ஒரு டீக்கடை இருந்தது. உள்ளே பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். சிலருக்கு மட்டும் வெளியே கம்பில் கவிழ்த்துவைத்த அலுமினிய டம்ளர், அதையும் அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் எச்சில், சுத்தம், ஆசாரம் என்று ஏதாவது பதில் வரும். எல்லாப் பதிலும் டம்ளரைச் சுற்றியே இருக்கும்.

அப்புறம் பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். எச்சிலும் இல்லை, கழுவவும் வேண்டாம். சொல்லிக்கொண்டிருந்த காரணம் ஒரே நாளில் காணாமல் போயிற்று. ஆனால் முன்பு அலுமினிய டம்ளரில் குடித்தவர்கள் அப்போதும் நின்றுகொண்டுதான் குடித்தார்கள், பெஞ்சுக்கு யாரும் கூப்பிடவில்லை. விதி டம்ளரில் இல்லை, பெஞ்சில் இருந்திருக்கிறது என்று பேப்பர் கப்பு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

அந்தப் பேப்பர் கப் ஒரு நோவம். அதை யாரும் கதையாக எழுதவில்லை, நிஜமாகவே நடந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். புனைகதைக்காரர் இதையே தலைக்குள் செய்து பார்க்கிறார். ஒரு வழக்கத்துக்கு நாம் சொல்லும் காரணத்தை மட்டும் உருவிவிட்டு, வழக்கம் விழுகிறதா, வேறு காலில் நிற்கிறதா என்று கவனிக்கிறார்.

இதுவரை வந்தது: ஒன்றை மாற்று, மீதியை நேர்மையாக ஓடவிடு, எது இயற்கை, எது நம் ஏற்பாடு என்பது தானாகப் பிரியும். திட்டவோ பிரசாரம் செய்யவோ இந்த முறைக்குத் தேவையே இல்லை. அதனால்தான் திட்டுவதைவிட ஆழமாகக் குத்துகிறது.

## 1905-ல் மெட்ராஸில் அச்சான ஒரு கனவு

அறிவியல் புனைகதை என்றாலே வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இது. ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காள முஸ்லிம் பெண் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் வெளிவந்தது. வெளியிட்டது நம் மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'. ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டி அப்போது இரண்டே வருடம்.

கதையில் ஒரு நாடு. அங்கே பெண்கள் வெளியே, ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில். நாட்டுக்கு இரண்டு பெண்கள் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்று மேகத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கும், மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். எதிரி படையெடுத்து வந்து நாட்டு ஆண்கள் தோற்றபோது, இந்தச் சூரிய வெப்பத்தை எதிரி மேல் திருப்பிவிட்டுப் பெண்களே விரட்டுகிறார்கள். சண்டைக்கு முன் உள்ளே போன ஆண்கள் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். சமையலும் சூரிய வெப்பத்தில்தான், அடுப்புப் புகையே கிடையாது. புகையில்லாத அடுப்பு வேண்டும் என்று 1905-ல் யாருக்குத் தோன்றும்? சமைத்தவருக்குத்தான் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதெல்லாம் இல்லை. கனவு காண்கிற சுல்தானா தெருவில் கூச்சத்தோடு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறாள். எதிரில் வரும் பெண்கள், "என்ன இவள், ஆம்பளை மாதிரி இருக்கிறாளே" என்கிற மாதிரிக் கேலி செய்கிறார்கள். அந்த ஊரில் அச்சமும் நாணமும் ஆண்களின் குணம்! நாம் பெண்ணின் இயல்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அந்த ஒரு கேலி காட்டிவிடுகிறது. இன்னொரு வாதமும் வரும். பைத்தியக்காரர்கள் தப்பி வெளியே வந்து ஆட்களைத் தாக்கினால் யாரைப் பிடித்து உள்ளே போடுவீர்கள், அவர்களையா, தாக்கப்பட்டவர்களையா?

வேலூர்க்காரர்களுக்கு இது வெறும் கற்பனையாகத் தெரியக் கூடாது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐடா டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர். ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா படித்து டாக்டராகி 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1918-ல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் படிப்பும் தொடங்கியது. அந்தக் கால வாசகிக்கு, படித்த பெண்களால் நடக்கும் ஊர் என்பது செவ்வாய்க் கிரகத்துக் கதையாக இருந்திருக்காது. உயிர்போகிற விஷயமாக இருந்திருக்கும்.

## பால்கனியில் தொங்கும் நட்சத்திரம்

இப்போது மதத்துக்கு வருவோம், இங்கேதான் குழப்பம் அதிகம்.

ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கம், காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள இடம். 1986-ல் அதற்கு வானியலாளர் வைணு பாப்பு பெயரை வைத்தபோது அது வடாற்காடு மாவட்டம், இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். பள்ளியில் படித்தபோது ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார்கள். குளிரில் வரிசையில் நின்று கண்ணை வைத்துப் பார்த்தபோது, "இப்ப நீ பாக்குற வெளிச்சம் உங்க கொள்ளுத்தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி கிளம்பினது" என்றார் கூட வந்த ஆசிரியர். ஒளி ஒரு வருடம் ஓடினால் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் போகும், அந்தத் தூரத்துக்குத்தான் ஒளியாண்டு என்று பெயர். ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் இன்று ஒன்று வெடித்தால் நமக்கு ஆயிரக்கணக்கான வருடம் கழித்துத்தான் தெரியும்.

ஆர்தர் சி. கிளார்க் இதை வைத்து 1955-ல் 'நட்சத்திரம்' என்ற சிறுகதை எழுதினார். அடுத்த வருடம் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, மன்னிக்கவும். விண்கலத்தில் போகும் வானியலாளர் ஒரு இயேசு சபைத் துறவி. வெடித்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தை ஆராயப் போகிறார்கள். அங்கே ஓர் அழகான நாகரிகம் இருந்து, தங்கள் சூரியன் வெடிக்கப்போவது தெரிந்ததும் தங்கள் பாட்டு, படம், புத்தகம் எல்லாவற்றையும் கடைக்கோடிக் கிரகத்தில் பத்திரப்படுத்திவிட்டு மொத்தமாக எரிந்துபோயிருக்கிறது. வெடித்த வெளிச்சம் பூமிக்கு எந்த வருடம் வந்திருக்கும் என்று துறவி கணக்குப் போடுகிறார். கணக்கு பெத்லகேமில் போய் நிற்கிறது. இயேசு பிறந்தபோது கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளுக்கு வழிகாட்டிய அதே நட்சத்திரம்.

டிசம்பர் மாதம் வேலூரில் தெருத்தெருவாகக் காகித நட்சத்திரம் தொங்கும், உள்ளே பல்பு போட்டு. இந்தக் கதையைப் படித்த பிறகு சில நாள் என்னால் அதைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. நான் கிறிஸ்தவனே இல்லை, இருந்தும்.

இது சாமி இல்லை என்று சொல்கிற கதையா? அப்படியென்றால் கதை சொல்வதற்கு நாத்திகரைப் போட்டிருக்கலாம், கலத்தில் அவருக்குத் துணையாக நம்பாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். துறவிக்கு மட்டும்தான் வலிக்கும், ஏனென்றால் அவர் நம்புகிறவர். வீட்டில் குழந்தையைப் பறிகொடுத்த யாரும் சாமி படத்தின் முன் நின்று கேட்கும் கேள்விதான் அவருடையதும். கிளார்க் அதை விண்மீன் அளவுக்குப் பெரிதாக்கி, தப்பிக்க முடியாதபடி தேதி போட்டுக் காட்டினார்.

ஐசக் அசிமோவின் 'ரீசன்' கதை (1941) இன்னும் குறும்பு. விண்வெளி நிலையத்தில் இருக்கும் ரோபோ ஒன்று, இந்த மெத்தென்ற மனிதர்கள் என்னைச் செய்திருக்கவே முடியாது என்று தர்க்கம் பேசி, அங்கிருக்கும் ஆற்றல் இயந்திரத்தையே ஆண்டவராக்கிக் கும்பிட ஆரம்பிக்கிறது. மற்ற ரோபோக்களும் சேர்ந்துகொள்கின்றன. மனிதர்கள் எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை. ஆனால் பூமிக்கு ஆற்றல் கற்றையை அனுப்பும் வேலையை, ஆண்டவர் கட்டளை என்று நினைத்து, மனிதர்களைவிடத் துல்லியமாகச் செய்கிறது! கடைசியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இதில் கேலி யார்மேல்? பக்தியின்மேலா, வெறும் தர்க்கத்தை மட்டும் நம்புகிறவர்மேலா? மூன்று தடவை படித்தும் எனக்குத் தீர்மானமில்லை.

மதத்தை மரியாதையோடு நடத்திய பெரிய படைப்பும் உண்டு. வால்டர் மில்லர் கத்தோலிக்கராக மாறியவர். 1959-ல் வந்த அவருடைய நாவலில், அணுப்போருக்குப் பின் அறிவியலைக் காப்பாற்றுவதே மடத்துத் துறவிகள்தான், நம் ஆதீனங்கள் சுவடி காத்த மாதிரி. என்ன, ஒரு பொறியாளர் எழுதிவைத்த மளிகைச் சீட்டையும் புனிதப் பொருளாகப் பாதுகாக்கிறார்கள்.

ஆக, இந்தக் கதைகளில் மதம் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. ஒரு நம்பிக்கையைப் புதிய சூழலில் கொண்டுபோய் வைத்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிறார்கள். தாங்குவதும் உண்டு, முறிவதும் உண்டு.

## அர்த்தநாரி பக்கத்து வீட்டில் குடியிருந்தால்

திருவண்ணாமலை 1989 வரை நம் வடாற்காடு மாவட்டம்தான். கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏற்றும் அந்த நேரத்தில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி கொடுப்பார். சில நிமிடம்தான். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில். லட்சம் பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

உர்சுலா லெ குவின் 1969-ல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில் ஒரு பனிக்கிரகம். அங்கே யாரும் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. மாதத்தில் சில நாள் மட்டும் உடம்பு ஏதாவது ஒரு பக்கம் சாயும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. போன வருடம் அப்பாவானவர் அடுத்த வருடம் அம்மாவாகலாம். ராஜாவே கர்ப்பமாகலாம். நோவம் இதுதான். இனி ஓடவிட்டுப் பாருங்கள். பிள்ளைப்பேறு யாருக்கும் வரலாம் என்றால், பிரசவ விடுப்பு கேட்கிறவரை முறைக்கும் முதலாளி இருப்பாரா? பெண் பார்க்கும் சடங்கு? சொத்தில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை? "பொம்பள புத்தி" என்ற திட்டு? ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே போகும். பூமியிலிருந்து தூதுவராகப் போன ஆண் ஒருவர், அங்குள்ளவர்களை ஆணா பெண்ணா என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தே தப்புத் தப்பாகப் புரிந்துகொள்கிறார். நாம் படிக்கிறவர்களும் அதையேதான் செய்கிறோம்.

கும்பிடுகிற உயரத்தில் இருக்கும்போது நமக்குப் பிரச்சினையில்லாத ஒன்று, வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் என்ன ஆகிறது என்று திருநங்கையரைக் கேட்டால் சொல்வார்கள். லெ குவின் தெய்வத்தை அடுத்த வீட்டுக்காரராக்கிவிட்டார்.

ஒரு மொழி விஷயம். நாவல் முழுக்க அந்த மக்களை ஆண்பாலில் 'அவன்' என்று எழுதியதற்காக லெ குவின் நிறைய விமர்சனம் வாங்கினார், பின்னாளில் அது சரியில்லைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் அவரை மாட்டிவிட்டது. நமக்கு 'அவர் வந்தார்' இருக்கிறது, ஆணா பெண்ணா என்று சொல்லாமலே ஒரு முழு நாவலை ஓட்டிவிடலாம். 'ராஜா' என்ற இடத்தில்தான் தமிழும் மாட்டும்.

## அப்படியானால் புராணத்திலேயே இல்லையா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நம் புராணங்களில் ஆண் பெண்ணாவது, பறக்கும் விமானம், உலகம் அழிவது எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மாற்றம் வரத்திலோ சாபத்திலோ வருகிறது. சாபம் தீர்ந்ததும் உலகம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், விதி அப்படியே இருக்கும். அறிவியல் புனைகதையில் மாற்றம் காரணத்தோடு வருகிறது, திரும்பிப் போவதில்லை, அதனால் மனிதர்கள்தான் தங்கள் விதிகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை செய்கிற கருவிகள்.

## "அன்றே சொன்னார்" வியாதி

இன்னொரு தவறான புரிதல், இந்த வகை எழுத்தை ஜோசியமாகப் பார்ப்பது. பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940-களில் வந்தது. அதிலிருந்து சட்டைப்பைக் கம்பியில்லாக் கருவியை மட்டும் பிய்த்தெடுத்து, "செல்போனை அன்றே சொன்னார்" என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் சுற்றும். அது கதை இல்லை, ஆனால் ஓடுவது இதே முறையில். ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே குழந்தை பிறக்கலாம் என்று அதில் சொல்கிறார், சோதனைக்குழாய்க் குழந்தை முதன்முதலில் பிறந்தது 1978-ல்தான். சரியாகச் சொன்னாரா என்பதைவிட ஏன் அதைக் கையிலெடுத்தார் என்பதுதான் முக்கியம். பிறப்பையும் உழைப்பையும் இயந்திரம் பார்த்துக்கொண்டால் கல்யாணம், சொத்து, மேல் கீழ் இதெல்லாம் எதன்மேல் நிற்கும்? அவர் பிடுங்கிக் காட்டிய ஃபியூஸ் கட்டை அது. செல்போனை மட்டும் கொண்டாடுவது, கட்டை நல்ல பீங்கானில் செய்தது என்று மெச்சுகிற மாதிரி. அவர் கடைசி மூச்சு விட்டது நம் வேலூர் சி.எம்.சி.யில், 1973 டிசம்பர் 24.

## இவர்களுக்கும் கண் தெரியாத இடம் உண்டு

வழக்கத்தைக் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் தங்கள் வழக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள் என்று இல்லை. எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் 'தி டைம் மெஷின்' நாவலில், உழைக்கிறவர்கள் பூமிக்கடியில் தள்ளப்பட்டு, சுகவாசிகள் மேலே இருந்து, காலப்போக்கில் இரண்டு இனமாகவே பிரிந்துபோவதைக் காட்டினார். தோல் தொழிற்சாலைத் தொட்டியில் இறங்குகிறவரும் அந்தத் தோலில் செய்த ஷூவை எங்கோ போட்டு நடக்கிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை என்பது ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வெல்ஸ் அந்த உழைப்பாளிகளைப் பார்க்கவே அருவருப்பான மிருகங்களாகத்தான் எழுதினார். முதலில் படித்தபோது கதையின் விறுவிறுப்பில் இதை நான் கவனிக்கவே இல்லை.

ஜேம்ஸ் டிப்ட்ரீ கதை இன்னும் சுவாரசியம். 1960-களின் கடைசியிலிருந்து எழுதிக்கொண்டிருந்த இவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. இது ஆண் எழுத்துதான், சந்தேகமே இல்லை என்று 1975-ல் ராபர்ட் சில்வர்பெர்க் என்ற பெரிய எழுத்தாளர் அச்சிலேயே எழுதினார். இரண்டு வருடத்தில் உண்மை வெளியே வந்தது, டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண். ஆண் பெண் பற்றிய கட்டுகளை உடைக்கிறோம் என்று சொல்லிக்கொண்ட கூட்டத்துக்கே அந்தப் புனைபெயர் ஒரு நோவமாகிவிட்டது.

## எங்கே தொடங்கலாம்

'சுல்தானாவின் கனவு' போதும். சில பக்கம்தான், ஒரே உட்காரலில் முடியும், பழைய படைப்பு என்பதால் இலவசமாகவே கிடைக்கும். அப்புறம் கிளார்க்கின் சிறுகதை. லெ குவின் நாவலுக்கு அவசரப்படாதீர்கள், முதல் ஐம்பது பக்கம் நகராது, எனக்கும் நகரவில்லை.

போன மாதம் குடியாத்தம் போனபோது அத்தையிடம் சுல்தானா கதையைச் சொன்னேன். மடியில் முறம், முறத்தில் பீடி இலையும் தூளும். நான் சொல்லச் சொல்லக் கை நிற்கவே இல்லை. இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் எல்லாம் உள்ளே என்றதும் சிரித்தார். மாமா திண்ணையில் இருந்தார், அவர் சிரிக்கவில்லை. கதை முடிந்ததும் சுற்றி முடித்த பீடிகளைக் கட்டு கட்டி வைத்துவிட்டு அத்தை கேட்டார்:

"அதெல்லாம் சரிடா. ஆம்பளங்க வூட்டுக்குள்ள கீறாங்க, பீடியும் அவங்களே சுத்தறாங்கன்னு வெச்சுக்கோ. ஆயிரத்துக்கு இவ்ளோன்னு கூலி வருமே, அத்த யாரு கையில குடுப்பாங்க?"